ஊமை ஸ்பீக்கர்

அந்த அறையில் யாருமில்லை என்பதை நம்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். கொடியில் ஒரு சட்டை காய்ந்து விறைத்துப் போயிருந்தது. மேடை மேல் கவிழ்த்து வைத்த தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, கரண்டி ஒன்று. விருந்தாளி என்று யாராவது வந்தால் அவர் உட்கார நாற்காலி கிடையாது.

"பாஸ், அப்படியே என் வீடு மாதிரி இருக்கு," என்றாள் பட்டாசு. "உங்க வீட்டையும் சேர்த்துதான் சொல்றேன்."

 கொக்கு கதவோரம் சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறடியைத் தாண்டிய உயரம், ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து. துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான் நிற்பார். மீன் கண்ணில் படும்வரை அசைய மாட்டார். அந்தப் பெயர் வைத்தது யாரென்று அவருக்கே ஞாபகமில்லை. இப்போது அவர் ஆபீஸ் கதவில் தொங்கும் பலகையிலும் அதுதான்.

பட்டாசு அவருடைய உதவியாளர். நாற்பதைத் தாண்டியவள். செல்போன் ரிப்பேர் கடையில் பல வருஷம் குனிந்து உட்கார்ந்து முதுகு போனதும் கொக்கிடம் வந்து சேர்ந்தவள். வாய் மட்டும் போகவில்லை.

கட்டிலின் விளிம்பில், கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி காணாமல் போனவரின் அக்கா உட்கார்ந்திருந்தார். படுக்கையை முழுசாகத் தொட்டால் தம்பி கோபித்துக்கொள்வான் என்பதுபோல ஓரமாக.

"வாரம் ஒண்ணு தாண்டிடுச்சு கொக்கு சார். போன் இங்கயேதான் கிடக்குது. செருப்பும் இங்கயே இருக்கு."

"போலீஸ் என்ன சொல்லுது?"

"'வயசு வந்த ஆம்பளை, எங்கயாவது போயிருப்பாரு, வந்துடுவாரு'ன்னாங்க. கீழ் வீட்டம்மா வந்து, 'தினமும் மேல ரெண்டு குரல் கேக்கும், ஒண்ணு பொம்பளை குரல்'னு சொன்னதும் எழுதறதையே நிறுத்திட்டாங்க. ஒருத்தர் சிரிச்சாரு சார்."

"அந்தப் பொம்பளையை யாராவது பாத்திருக்காங்களா?"

"யாருமே பாக்கல. ஏறி வந்ததையும் பாக்கல, இறங்கிப் போனதையும் பாக்கல."

"கீழ் வீட்டம்மா அன்னிக்கு இருந்தாங்களா? தம்பி காணாமப் போன அன்னிக்கு?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே மக வீட்டுக்குப் போயிட்டாங்க. திரும்பி வந்து பாத்தா வீடு அமைதியா இருந்திருக்கு. அவங்கதான் எனக்குப் போன் பண்ணினாங்க."

பட்டாசு ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "தம்பி என்ன வேலை பாக்கறாரு?"

"யாராவது பேசினதைப் பதிவு பண்ணி அனுப்புவாங்க. விசாரணை, மீட்டிங், டாக்டருங்க பேசறது, எல்லாம். இவன் கேட்டுக் கேட்டு டைப் அடிச்சுக் கொடுப்பான். வீட்டை விட்டு வெளிய வர வேண்டிய வேலையே இல்ல."

"நாள் பூரா அடுத்தவங்க பேசறதைக் கேக்கறாரு," என்றார் கொக்கு. "அவர் பேசறதை யார் கேக்கறாங்க?"

அக்கா பையின் வாரை விரலில் சுற்றினார். "ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணுவேன்." கொஞ்சம் கழித்து, "எல்லா ஞாயித்துக்கிழமையும் இல்ல" என்றார்.

"பாஸ், முடிச்சாச்சு," என்றாள் பட்டாசு. "அந்தப் பொம்பளை குரல் ஏதோ ஒரு ரெக்கார்டிங். கேஸ் க்ளோஸ். கிளம்பலாமா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து சிரிப்பாங்கன்னு கீழ் வீட்டம்மா சொல்லியிருக்காங்க. ரெக்கார்டிங் நம்ம ஜோக்குக்குச் சிரிக்காது."

"என் ஜோக்குக்கு நீங்களே சிரிச்சதில்ல. அதுக்காக உங்களை ரெக்கார்டிங்னு சொல்ல முடியுமா?"

கொக்கு காலை இறக்கினார். மீன் கண்ணில் பட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஜன்னலோரம் மேசை. அதில் கம்ப்யூட்டர். அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது; உள்ளே மின்விசிறி மெல்ல முனகியது. திரையைத் தட்டினால் பாஸ்வேர்டு கேட்டது.

"நான் வந்தப்பவும் ஓடிட்டுதான் இருந்துச்சு," என்றார் அக்கா. "அணைச்சா ஏதாவது அழிஞ்சிடும்னு தொடல."

கொக்கு பார்த்தது கம்ப்யூட்டரை அல்ல. அதன் பக்கத்தில் வயிறு திறந்து கிடந்த ஒரு கறுப்பு மரப்பெட்டியை. சுற்றிலும் திருகாணிகள் ஒரு மூடிக்குள் அடக்கமாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு ஓரத்தில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பிச் சுருள்.

"இது என்ன சொல்லு."

பட்டாசு குனிந்தாள். அவள் குரலில் இருந்த விளையாட்டு கொஞ்சம் ஒதுங்கியது. "கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் செட்டு. இந்தப் பெரிய பெட்டிக்குள்ளதான் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற சத்தம் கொசு முனகற மாதிரி இருக்கும் பாஸ், அதைப் பெரிசாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளறது இதுதான். பழைய போர்டைக் கழட்டி வெச்சிருக்காரு பாருங்க. நடுவுல இருக்கற சில்லு வெடிச்சுக் கருகிப்போச்சு. ஆம்ப்ளிஃபயர் போனா மொத்த செட்டும் ஊமை."

"புதுசு?"

"இதோ, பச்சை போர்டு. வேற கம்பெனி ஐட்டம், அளவு பாத்து வாங்கியிருக்காரு. இதுக்குப் பழைய கரண்டு ஒத்துவராதுன்னு தனியா ஒரு அடாப்டரும் வாங்கியிருக்காரு. விவரமான ஆளு." விரலால் ஒவ்வொரு கம்பியாகத் தடவினாள். "ஸ்பீக்கர் கம்பி எல்லாம் முடிஞ்சது. கரண்டு கம்பி முடிஞ்சது. கம்ப்யூட்டர்ல இருந்து சத்தத்தைக் கொண்டு வர்ற ஒயர்ல மூணு இழை இருக்கும். ரெண்டைப் பத்த வெச்சாச்சு. மூணாவதுக்கு நுனியில ஈயம் பூசி ரெடியா வெச்சிருக்காரு. ஒரு தொடு தொட்டா வேலை முடிஞ்சது. அதோட விட்டுட்டாரு."

"பார்சல் பெட்டியில என்னிக்குத் தேதி?"

அட்டைப் பெட்டியைப் புரட்டினாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்குதான். அவன் காணாமப் போன அன்னிக்கு."

"ஊரை விட்டுப் போறவன் ஆம்ப்ளிஃபயர் வாங்க மாட்டான்," என்றார் கொக்கு. "அது மட்டுமில்ல. அயர்ன் எங்க இருக்கு?"

"மேசை மேல."

"ஸ்டாண்ட்?"

சுருள்கம்பி ஸ்டாண்ட் ஒன்று எட்டும் தூரத்தில் காலியாக நின்றிருந்தது. அயர்ன் கிடந்த இடத்தில் மேசைப் பலகை நீளவாக்கில் கருகியிருந்தது.

"திருகாணியைக்கூட மூடியில போட்டு வெக்கிற மனுஷன், சூடான கம்பியை மேசை மேல வெப்பாரா?"

"வெக்க மாட்டாரு," என்றாள் பட்டாசு மெதுவாக. "அவர் கையில இருந்து வேற யாரோ வாங்கி வெச்சிருக்காங்க. வாங்கினவங்க சுவத்து சுவிட்சையும் அணைச்சிருக்காங்க. வீடு எரியக்கூடாதுன்னு நினைக்கிற நல்லவங்க."

அக்காவின் முகம் வெளுத்தது.

கொக்கு அறையை ஒரு முறை சுற்றி வந்தார். செட்டின் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும் மேசை மேல் இல்லை. ஒன்று சமையல் மேடைக்கு மேலே ஆணியில் தொங்கியது. இன்னொன்று கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டுக்கும் நீளமாக ஒயர் இழுத்து, சுவரோரமாகக் கவனமாக ஒட்டியிருந்தார்கள்.

"பாட்டுக் கேக்கறவன் ரெண்டையும் முன்னாடி வெப்பான். டைப் அடிக்கிறவனும் அப்படித்தான். இவர் ஒண்ணை அடுப்புகிட்ட மாட்டியிருக்காரு, ஒண்ணைத் தலையணைகிட்ட வெச்சிருக்காரு. ஏன்?"

பட்டாசு ஒயர் போன வழியைக் கண்ணால் தொடர்ந்தாள். பிறகு சொன்னாள். "சமைக்கும்போதும் கேக்கணும். படுத்தாலும் கேக்கணும்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"அந்தப் பொம்பளை படியேறி வந்ததே இல்லம்மா," என்றார் கொக்கு. "இந்தப் பெட்டி வழியாத்தான் வந்தாங்க. எங்கயோ தூரத்துல இருக்கற யாரோ ஒருத்தங்க. பட்டாசு, அந்த மூணாவது இழையை முடி."

"ஆளைத் தேடுன்னா ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ணச் சொல்றீங்க. நல்ல துப்பறியும் கம்பெனி."

சொல்லிக்கொண்டே அயர்னை ஸ்டாண்டில் வைத்து சுவிட்சைப் போட்டாள்.

அயர்ன் சூடேறிக்கொண்டிருக்கும்போது படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வந்தவர் அக்காவின் கணவர். ஊரில் பல் டாக்டர். இஸ்திரி போட்ட சட்டை, நரைக்கு மை, அளந்து வைத்த புன்னகை. மனைவி துப்பறிவாளரிடம் போனது இன்று காலையில்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

"வா, போகலாம்," என்றார் மனைவியிடம். "லாரிக்குச் சொல்லிட்டேன். சாமானை எடுத்துட்டு ரூமைக் காலி பண்ணிடலாம். பூட்டி வெச்சு என்ன ஆகப்போகுது?"

"என்னங்க, அவன் வந்தா எங்க தங்குவான்?"

"வந்தா நம்ம வீட்டுல இருக்கட்டும்."

"டாக்டர் கடைசியா எப்ப இங்க வந்தீங்க?" என்று கேட்டார் கொக்கு.

"ஒரு வருஷம் இருக்கும். எனக்கு எங்க சார் நேரம்? இவதான் தம்பி தம்பின்னு உருகுவா. நான் அப்பவே சொன்னேன், இவனைத் தனியா விடக்கூடாதுன்னு." டாக்டர் அறையைச் சுற்றிக் கையைக் காட்டினார். "பாருங்க, குகை மாதிரி. இதுக்குள்ள தன்னந்தனியா உக்காந்துக்கிட்டு, பதில் சொல்ல ஆளில்லாம தானே பேசிக்கிட்டு, தானே சிரிச்சுக்கிட்டு... மனுஷன் என்ன ஆவான்?"

ஈயம் உருகிய புகை மெல்லிசாக எழுந்தது. பட்டாசின் கை அப்படியே நின்றது.

"டாக்டர்," என்றார் கொக்கு, "கீழ் வீட்டம்மா ரெண்டு குரல்னு சொன்னாங்க. போலீஸ் அதைக் கேட்டுச் சிரிச்சாங்க. உங்க வீட்டம்மா என்கிட்ட ரெண்டு குரல்னுதான் சொன்னாங்க. ஒரே குரல், பதிலே இல்லன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

"ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"இந்த அறையில ஒரே குரல் கேட்டது கொஞ்ச நேரம்தான். இந்த ஆம்ப்ளிஃபயர் கருகினதுக்கும், இந்தக் கம்பி பாதியில நின்னதுக்கும் நடுவுல. அப்ப கீழ் வீட்டுல ஆளில்ல. அதைக் கேட்டது யாரோ, அவங்கதான் அயர்னைக் கையில இருந்து பிடுங்கினவங்க."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை விரலில் ஒரு சூட்டுக் காயம் ஆறிக்கொண்டிருந்தது.

"கிளினிக்ல பட்டதுன்னீங்க," என்றார் அக்கா.

"பாஸ், முடிச்சாச்சு," என்றாள் பட்டாசு. அடாப்டரைச் சொருகினாள்.

பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மெல்லிய இரைச்சல். பிறகு அடுப்புக்கு மேலிருந்தும் தலையணைக்குப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு சத்தம் வந்தது. கீ-போர்டு தட்டும் சத்தம். அறையில் யாரும் எதையும் தட்டவில்லை.

தட்டுவது நின்றது. ஒரு பெண் இருமினாள். களைத்துப்போன, தொண்டை கட்டிய குரல், கேட்க ஆளில்லை என்று தெரிந்தே பேசும் குரல், சொன்னது:

"நான் டீ போட்டுட்டு வந்துடறேன். தயவுசெஞ்சு யாரும் லைனை கட் பண்ணிடாதீங்க."

அக்கா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். கொக்கு மேசைப் பக்கம் குனிந்தார். திரைக்குக் கீழே இருந்த சின்ன மைக்கை அப்போதுதான் பார்த்தார்.

"டீயை அப்புறம் போட்டுக்கலாம்மா," என்றார்.

அங்கே ஏதோ விழுந்து உருண்டது. 

"சத்தம்... சத்தம் வருதா அங்க?"

"நல்லா வருது."

குரல் உடைந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "இத்தனை நாளா கத்தறேன் சார். போலீஸ்காரங்க வந்தப்ப கத்தினேன். அக்கா தனியா வந்து அழுதப்ப கத்தினேன். ஒருத்தருக்கும் கேக்கல. நீங்கதானே கொக்கு சார்? கூட இருக்கறது பட்டாசு அம்மா. அவங்க ஜோக்குக்கு நான் சிரிச்சேன். உங்களுக்குத்தான் கேட்டிருக்காது."

பட்டாசு அயர்னைத் தலைகீழாக ஸ்டாண்டில் சொருகினாள். அவள் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்க விடவில்லை.

"நீங்க யாரும்மா?"

"அவர் வேலை பாக்கற அதே கம்பெனிதான். வேற ஊரு. ரொம்ப நாள் முன்னாடி ஒரு வேலைக்காக எங்க ரெண்டு பேரையும் ஒரே லைன்ல போட்டாங்க. பேரு, ஊரு சொல்லக் கூடாது, நம்பர்தான். அவர் எட்டு. நான் பதினொண்ணு. வேலை முடிஞ்சது. லைனை நாங்க கட் பண்ணல. காலையில எழுந்து ஆன் பண்ணினா ராத்திரி வரைக்கும் இருக்கும். பெரிசா ஒண்ணும் பேச மாட்டோம் சார். மழை வருது, துணி எடுக்கப் போறேன், அவ்வளவுதான். அவர் பாத்திரம் கழுவற சத்தம் எனக்குக் கேக்கும். வீட்டுல ஆள் இருக்கற மாதிரி இருக்கும்."

"ஸ்பீக்கர் போனப்ப?"

"அவர் பேசுவாரு, நான் பதிலை டைப் அடிச்சு அனுப்புவேன். ஹெட்போன் போட்டா காதுல புண்ணு வந்துடும் அவருக்கு. புது போர்டு வந்துடும், அதுவரைக்கும் டைப் பண்ணுங்கன்னாரு. அன்னிக்கு, இதோ இதோன்னு பேசிக்கிட்டே பத்த வெச்சுட்டு இருந்தாரு. அப்பதான் கதவு திறந்துச்சு."

டாக்டரின் கை சுவர் சுவிட்சை நோக்கிப் போனது. அது போய்ச் சேருமுன் கொக்கின் நீளக் கால் குறுக்கே வந்து சுவரில் ஊன்றியது.

"வாயைத் திறங்கன்னு சொல்றது உங்க தொழில் டாக்டர்," என்றாள் பட்டாசு. "இன்னிக்கு நீங்க திறங்க."

"என்ன இது அநியாயமா இருக்கு? யாரோ ஒரு பொம்பளை..."

"இந்தக் குரல்தான்," என்றது பெட்டி. "இவர்தான் 'ஊசியைப் போடுங்க, அப்புறம் தூக்கலாம்'னு சொன்னாரு."

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தார். தலையணையருகே இருந்த ஸ்பீக்கரிலிருந்து கொஞ்சம் தள்ளி.

"எங்க?" என்று கேட்டார் அக்கா. அந்த ஒரு சொல்தான்.

"பழைய மில்லைத் தாண்டி... ஒரு மனநல இல்லம். நல்ல இடம். எனக்குத் தெரிஞ்சவரு நடத்தறாரு." குரல் தாழ்ந்தது. "நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லல. அன்னிக்கு இந்தப் பக்கம் வந்தேன், சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு. கதவுக்கு வெளிய ரொம்ப நேரம் நின்னேன். பேசறான், நிறுத்தறான், சிரிக்கிறான். உள்ள ஒரு சத்தமும் இல்ல. எங்க அண்ணன் இப்படித்தான் ஆரம்பிச்சான். உனக்கே தெரியும். நாங்க கண்டுக்கல. கண்டுக்கிட்டப்ப கிணத்துல இருந்துதான் எடுத்தோம்."

டாக்டர் கொக்கின் பக்கம் திரும்பினார்.

"அவன்கிட்ட கேட்டேன் சார். யார்கூடடா பேசறேன்னு. என்ன சொன்னான் தெரியுமா? 'இங்க பதினொண்ணு இருக்காங்க மாமா. ஒரே ஒரு கம்பிதான் பாக்கி. ஒரு நிமிஷம் குடுங்க, பேசுவாங்க'ன்னான். கையில பழுக்கக் காய்ச்சின கம்பி. திரையில எழுத்தைக் காட்டினான். டைப் அடிக்கிறதுதானே அவன் வேலை, அவனே அடிச்சிருப்பான்னு நினைச்சேன். போன் பண்ணி ஆளை வரவழைச்சேன். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

கொக்கு காலை இறக்கினார்.

"ஒரு நிமிஷம் குடுத்திருப்பேன்," என்றார்.

*

கார் பழைய மில்லைத் தாண்டியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. டாக்டர் முன்னால் தன் காரில் போனார். அக்கா அந்தக் காரில் ஏற மறுத்து, கொக்கின் வண்டியில் பின்சீட்டில் இருந்தார். கொக்கு தன் செல்போன் நம்பரைப் பதினொன்றுக்குக் கொடுத்திருந்தார். அந்தப் போன் பட்டாசின் மடியில், அழைப்பு இணைந்தபடியே கிடந்தது.

"ஏன்மா போலீசுக்குப் போகல?" என்று கேட்டாள் பட்டாசு.

"என்னன்னு போறது? அவர் பேரு தெரியாது. ஊரு தெரியாது. கம்பெனியில கேட்டேன், தர முடியாதுன்னுட்டாங்க. 'எட்டு'ன்னு ஒருத்தரைக் காணோம்னு போய் நின்னா என்னையும் பிடிச்சு உள்ள வெச்சிருப்பாங்க."

"அதுவும் சரிதான். இவரையும் ஊர்ல கொக்குன்னுதான் கூப்பிடறாங்க. இவர் காணாமப் போனா நான் வனத்துறைக்குத்தான் போகணும்."

போனுக்குள் ஒரு சிரிப்பு. பட்டாசு திரும்பிக் கொக்கைப் பார்த்தாள். "பாஸ், பாத்தீங்களா? சிரிக்கிறவங்களும் இருக்காங்க."

கொக்கு சாலையைப் பார்த்து ஓட்டினார். அவர் காணாமல் போனால் தேடி வருகிற ஆள் இந்தக் காரில் பக்கத்து சீட்டில் இருப்பவள்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இல்லம் சுத்தமாக இருந்தது. பச்சைச் சுவர், கழுவிய தரை, மருந்து வாசனை. கூடத்தில் ஒரு டி.வி. சத்தமில்லாமல் ஓடியது, வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லத்தை நடத்துபவர் டாக்டரின் முகத்தையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொக்கு தாழ்ந்த குரலில் இரண்டு வாக்கியம் பேசினார்.  இல்லத்துக்காரர் உள்ளே ஆள் அனுப்பினார்.

தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மாத்திரையின் பாரம் நடையில் தெரிந்தது. அக்கா ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற டாக்டரைப் பார்த்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல ஆரம்பித்தார்.

"நான் இப்ப நல்லா இருக்கேன் மாமா. பெட்டிக்குள்ள யாரும் இல்ல. அது என் மனசு பண்ணின வேலை. எனக்குப் புரிஞ்சுடுச்சு. இனிமே தனியா பேச மாட்டேன்."

டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, அப்படியெல்லாம் சொல்லாதடா," என்றார் அக்கா. "அவங்க இருக்காங்கடா. நான் கேட்டேன்."

அவர் அக்காவை இரக்கத்தோடு பார்த்தார். அக்காவுக்கும் அதே நோய் வந்துவிட்டது என்று நினைக்கும் பார்வை அது.

கொக்கு, பட்டாசின் கையிலிருந்த போனில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"எட்டு?" என்றது குரல்.

அவர் அசையவில்லை. கண் தரையில் நின்றது. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

"எட்டு, நான்தான். இருக்கீங்களா?"

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதை இந்த நாட்களில் அவர் நன்றாகக் கற்றிருந்தார். கைகளை இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்.  பிறகு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பட்டாசின் பக்கம் லேசாகச் சாய்ந்து, வாசலில் நின்ற ஊழியரின் காதில் விழாதபடி ரகசியமாகக் கேட்டார்.

"அம்மா, இப்ப ஒரு குரல் வந்துச்சே... அது உங்களுக்கும் கேக்குதா?"

பட்டாசு போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"கேக்குது," என்றாள்.

"பொம்பளை குரலா?"

"பொம்பளை குரல். தொண்டை கட்டியிருக்கு. 'எட்டு'ன்னு கூப்பிடறாங்க. எனக்குக் கேக்குது, அவருக்குக் கேக்குது, இங்க நிக்கிற எல்லாருக்கும் கேக்குது."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அக்கா தலையாட்டினார். கொக்கு தலையாட்டினார். வாசலில் நின்ற ஊழியரும், என்ன ஏது என்று புரியாமலே, தலையாட்டினார்.  தம்பி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டார்.

போனைக் காதருகே கொண்டுபோனார்.  அந்தப் பக்கத்திலிருந்து, பழக்க தோஷத்தில் விரல்கள் கீ-போர்டைத் தேடித் தட்டும் சத்தம் மட்டும் வந்தது.

"டைப் அடிக்காதீங்க," என்றார் அவர். "பேசுங்க. எதையாவது பேசிட்டே இருங்க."